எலுமிச்சைச் சாற்றில் போட்ட பவளம்

கல்யாணமாகி இரண்டாம் வருடம் நான் செய்த ஒரு காரியம் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அப்போது கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் குடியிருந்தோம். கணவர் கண்டியில் ஓர் ஆபீசில் கிளார்க். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவருடைய அம்மா, என் அத்தை, ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், விதவை. கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலிலேயே தன் கழுத்திலிருந்த பவள மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். மாமா தனக்குக் கொடுத்தது என்று மட்டும் சொன்னார்.

நான் டவுனில் வளர்ந்தவள். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த மாலை அசலாக இருக்குமா என்ற சந்தேகம் அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது. வெளியில் சொல்லவில்லை.

அடுத்த கண்டிப் பெரஹரா ஊர்வலத்தின் சமயத்தில், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா தெருக்கடையில் ஒரு பவள மாலை வாங்கினார். ஒரே நாள் வேர்வையில் சாயம் இறங்கி, அவருடைய வெள்ளைச் சட்டைக் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. சாயமேற்றிய எலும்பு மணிகள். அந்தக் கோபத்தோடு என் மாலையையும் பார்த்தார்.

"தேசிக்காய்ப் புளியிலை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. பொய்யெண்டால் பழுதாப் போகும்."

அன்று மாலையே நாலு எலுமிச்சம்பழம் பிழிந்து, கோப்பையில் மாலையைப் போட்டேன். மணிகளைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. எடுத்துக் கழுவினால் பளபளப்பே இல்லை. சுண்ணாம்பு தடவியதுபோல் வெளிறி, சொரசொரவென்று இருந்தது. நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி கூட வந்தது. அதை இப்போது மறைத்து என்ன பயன்?

கணவரிடம் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்துக்குப் போய், லயத்துச் சனங்கள் பார்க்க, பொய் நகையைப் போட்டு மனைவி முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்ததாகத் தாயைக் கேட்டிருக்கிறார். "பொய்யாப்பா?" என்று ஒரு தரம் கேட்டாராம் அத்தை. பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாராம்.

நவம்பர் கடைசியில், அந்த மாலையின் தங்கக் கொக்கியையாவது கழற்றி வாங்கலாம் என்று டவுனில் ஒரு நகை ஆசாரியிடம் போனேன். அவர் கண்ணாடி வைத்து மணிமணியாகத் திருப்பிப் பார்த்தார். யார் இதை எலுமிச்சைப் புளியில் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"அசல் பவளம்மா இது. அசல்தான் புளியில பொங்கும். கண்ணாடின்னா அப்படியே கெடக்கும்."

நான் நம்பவில்லை. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புக் கண்ணாடி மணியை எடுத்து, எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் காட்டினார். குமிழியே இல்லை. எடுத்தபோது முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது. மெருகு போட்டுத் தரலாம், மணி கொஞ்சம் இளைக்கும் என்று அவர் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது.

மறுநாளே கணவரும் நானும் பஸ் பிடித்து ஹேவாஹெட்டவுக்குப் போனோம். அத்தை அடுப்படியில் இருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்து, தப்பு என்னுடையது, மாலை அசல்தான் என்று சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"இந்த வருசம் கல்லறத் திருநாளுக்கு நான் ஒங்க மாமா கல்லறைக்குப் போகலம்மா," என்றார். "அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தல. பூசையும் வைக்கல. இத்தன வருசமா என்னய ஏமாத்திட்டாருன்னு நெனச்சிட்டேன்."

நான் ஒரு மாலையைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். செத்துப்போன ஒரு மனுசனை அவர் பெண்சாதியிடமே பொய்யனாக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அத்தை தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். மாமாவின் கல்லறையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உதவிக்குக் குனிந்த மகனின் கையை விலக்கிவிட்டார். என்னைத் தடுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் சுத்தம் செய்தோம். மெழுகுதிரி மழையில் நிற்கவில்லை. மூன்று தரம் கொளுத்திப் பார்த்தார்.

என்னோடு அன்றும் பிறகும் வழக்கம்போலத்தான் பேசினார். மகனோடு மட்டும் டிசம்பர் நத்தார்த் திருநாள் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.