நான் மஞ்சள் பூசிய கல்

என் தம்பியைத் திட்டாமல் இதைச் சொல்ல முடியுமா என்று பலமுறை முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை. அதனால் திட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையில் எங்கள் அரியூர் நாட்டுக்கும் குண்டனி நாட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. பல ஊர்கள் சேர்ந்ததை நாங்கள் நாடு என்போம். அதை ஒட்டிய பள்ளத்தில் என் நெல்வயல். புருசன் செத்து, கையில் பிள்ளையும் இல்லாமல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள் நான். அப்பன் சாவதற்கு முன் மேட்டு மரவள்ளிக் காட்டைத் தம்பிக்கும் பள்ளத்து வயலை எனக்கும் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். பொம்பளைக்கு எதுக்கு வயல் என்று நாலு பேர் முனகினார்கள். அவள் சோறு அவள் கையில் இருக்கட்டும் என்று அப்பன் அவர்கள் வாயை அடைத்தார். அந்த வயல் இல்லையென்றால் எனக்குச் சோறு இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அம்மா அவனைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அடிவாரத்து ஹாஸ்டலில் அவனைச் சேர்க்க வேண்டும் என்று அப்பனோடு மல்லுக்கு நின்றவளும் நான்தான். படித்தவன் நமக்கு ஆவான் என்று நம்பினேன். ஆனான், நன்றாகவே ஆனான்.

எங்கள் பக்கத்து எல்லைக்கல் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு நாட்டு எல்லையிலும் கற்கள் உண்டு. எந்த வயலுக்கு மேல் கல் நிற்கிறதோ அந்த வீட்டுப் பொம்பளைதான் அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து மஞ்சள் பூச வேண்டும். மஞ்சள் ஏறிய கல்லை யாரும் தொடமாட்டார்கள், மாடு கட்டக்கூட மாட்டார்கள். தை மாதத்து நாட்டுத் திருவிழாவில் சாமி எல்லை சுற்றி வரும். ஒவ்வொரு கல்லிலும் நின்று, கல்லுக்காரர்கள் இருக்கிறார்களா என்று ஓர் ஆள் குரல் கொடுப்பான். இருக்கோமுங்க என்று அந்த வீட்டுக்காரி பதில் சொன்னால்தான் சாமி நகரும். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் கல்லை நட்டவனே அதை ஏற்று மஞ்சள் பூச வேண்டும். குரல் கொடுப்பது எங்கள் குடும்பத்து ஆண்களின் வேலை. அப்பனுக்குப் பிறகு அது தம்பிக்கு வந்தது.

சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம் அது. ஜீப்பில் ஆட்கள் வந்து ஓடைக்கரையில் கூடாரம் போட்டார்கள். ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரை அடுத்த மாவட்டத்துப் பக்கம் திருப்பி, புளியஞ்சோலைச் சரிவில் இறக்கிக் கரண்ட் எடுப்பார்களாம். அப்புறம் அந்தத் தண்ணீர் துறையூர்ப் பக்கத்து வயலுக்குப் போகுமாம். எங்கள் ஓடை மாவட்டம் தாண்டி யாருக்கோ சோறு போடப் போகிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தம்பி அந்தக் கூடாரத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பேண்ட் போட்டுக்கொண்டு அவர்களோடு மலை மலையாக அலைந்தான். அணை எங்கே வருகிறது என்று கேட்டால், வெகு கீழே, பாறை இடுக்கில், உன் வயலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பான்.

ஒரு நாள் என் வயலுக்கு மேலே ஒரு வெள்ளைக் கல் நின்றது, தம்பியே ஆட்களை வைத்து நட்டது. கொஞ்சம் தள்ளி அடுத்த கல், அதற்கப்பால் இன்னொன்று என்று மலைமடிப்பு முழுக்கப் போனது. இது என்ன கல்லு, சாமி என்று தம்பியைக் கேட்டேன்.

"எல்லைக்கல்லுதாங்க்கா. ரெண்டு நாட்டுத் தண்ணியில்ல, நாளைக்குச் சண்டை வரக்கூடாதுன்னு புதுசா எல்லை போடறாங்க."

மாவட்டமே பிரிந்திருக்கிறது, எல்லோரும் எல்லை எல்லை என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நம்பினேன். எல்லை இப்படி ஆட்டுத்தடம் மாதிரி வளைந்து வளைந்து போகுமா என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. படித்தவன் சொல்கிறானே என்று விட்டுவிட்டேன். அந்த வருசத் திருவிழாவுக்கு முதல் ஆளாகப் போய்க் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தேன். என்னைப் பார்த்து அக்கம்பக்கத்து வயல்காரிகளும் அவரவர் கல்லுக்குப் பூசினார்கள். தம்பி வந்து நின்று குரல் கொடுத்தான். நான் வாய் நிறைய இருக்கோமுங்க என்றேன்.

உண்மையைச் சொன்னது மிளகு வாங்க வருகிற பாய். அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர். கூடாரத்துக்கு அரிசி பருப்பு ஏற்றிவருவதும் அவர்தான். களத்துமேட்டில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கையில் அள்ளிப் பார்த்தவர், வயலைத் திரும்பிப் பார்த்து, இந்தப் போகத்தோடு நடவை நிறுத்திக்கொள்வீர்களா என்று சாதாரணமாகக் கேட்டார். எதுக்கு நிறுத்தணும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மிளகை விரித்திருந்த படங்கிலேயே கொட்டிவிட்டுக் கல்லைக் கை காட்டினார்.

"ஏனுங்கம்மா, உங்களுக்குத் தெரியாதுங்களா? அது எல்லைக்கல்லு இல்லீங்க. அணையில தண்ணி நிக்கப்போற மட்டம். கல்லுக்குக் கீழ இருக்கறதெல்லாம் முங்கிப் போயிருமுங்க."

எனக்கு முதலில் கோபம் பாய் மேல்தான் வந்தது. பொய் சொல்கிறார் என்று கத்தினேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். வேறொரு ஊரில் இப்படிக் கல் நட்டபோது ஊரே திரண்டு பிடுங்கிப் போட்டதாம், அணையை இன்னும் கீழே இறக்கிவிட்டார்களாம். இங்கே ஒரு கல்கூட அசையவில்லையே, எல்லோருக்கும் சம்மதம் போல என்று கூடாரத்தில் பேசிக்கொண்டார்களாம்.

தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் வயல் அரிசிச் சோறு. வருசாவருசம் முதல் மூட்டை அவன் வீட்டுக்குத்தான் போகும். பாய் சொன்னதைச் சொன்னேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதும் நம்பியிருப்பேன், அத்தனை முட்டாள் நான். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அணையைக் கீழே இறக்கினால் ரோடு இந்தப் பக்கமே வராதாம். மேலே கட்டினால் ரோடு அவன் மரவள்ளிக் காட்டு வழியாக வருமாம். அவனுக்கு அணையில் நிரந்தர வேலையும் உண்டாம். என்னைக் கடைசிவரை அவன் வைத்துக் காப்பாற்றுவானாம்.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன கண்ணு?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ கல்லப் புடுங்கிப் போட்டிருப்பே. நீ மஞ்சள் பூசினதாலதாங்க்கா மத்தவங்களும் தொடல."

வயல் போகப்போகிறது என்பதைவிட இந்தப் பேச்சுதான் என்னை அறுத்தது. என் பக்தியைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறான், பாவி. எனக்கே தெரியாமல் என் வயலுக்கு என் கையாலேயே குழி தோண்ட வைத்திருக்கிறான்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே கல்லுக்குப் போனேன். அது சாமி இல்லை, அளவுக்கல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வைத்த பொட்டு அதில் இருந்தது. கடப்பாரையை ஓங்கினேன், கை இறங்கவில்லை. மறுபடி ஓங்கினேன். கடைசியில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாட்டுத் தலைவரான பட்டக்காரரிடமும் முறையிட்டேன். மஞ்சள் ஏறிய கல்லை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு நாடும் கூடிக் கிடா வெட்ட வேண்டும் என்றார். குண்டனி நாட்டுக்காரர்கள் கூட்டத்துக்கே வரவில்லை. அவர்கள் பக்கம் மேடு, ஒரு வயலும் முழுகாது. ரோடு மட்டும் வரும். அதையும் தம்பிதான் பேசி வைத்திருந்தான்.

வருசங்கள் இழுத்து அணை எழுந்தது. நஷ்டஈடு யாருக்கு வந்தது என்று கேட்பீர்கள். அப்பன் வாயால் கொடுத்த வயல். பட்டா தம்பி பேரில். அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியது. வரப்பு போனது, களத்துமேடு போனது, கல்லின் அடியை நனைத்துவிட்டு நின்றது. நல்ல அளவுக்காரர்கள்தான், குறை சொல்ல முடியாது. நான் மேட்டு வீட்டுக்காரர்களின் தினைக்காட்டுக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தேன். தம்பி கொடுத்தனுப்பிய கடை அரிசியை வந்த வழியே திருப்பி அனுப்பினேன்.

அந்தத் தை மாதமும் சாமி எல்லை சுற்ற வந்தது. நான் கல்லைக் கழுவவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஆனால் போய் நின்றேன். இரண்டு நாட்டு ஜனமும் பின்னால் நிற்க, தண்ணீர் ஓரத்தில் சாமி நின்றது. தம்பி என்னைப் பார்த்தான், வெறுங்கல்லைப் பார்த்தான். குரல் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொடுத்தான்.

"கல்லுக்காரங்க இருக்கீங்களா?"

பிறந்த நாளிலிருந்து நான் அவனைச் சாமி, கண்ணு என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அன்று வேற்றாளிடம் பேசுவதுபோல் பேசினேன்.

"இல்லீங்க. நட்டவங்களக் கேளுங்க."

மேளக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார். அவன் அக்கா என்று ஏதோ சொல்ல வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாமி நகரவில்லை. தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றினார்கள். ஜனம் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவனே கேட்ட கேள்விக்கு அவனே, பாதிப் பேருக்குக் கேட்காத குரலில், இருக்கேனுங்க என்றான்.

அன்றிலிருந்து அது அவன் கல். மஞ்சள் பூச வேண்டிய முகம் பள்ளத்தைப் பார்த்து இருக்கிறது. தை மாதத்தில் அங்கே தண்ணீர் நிற்கும். வருசாவருசம் அவன் பேண்ட்டை மடித்துவிட்டு, என் வயலுக்குள் இறங்கி நின்றுதான் பூசுகிறான்.