நாற்பத்துநாலாவது டோனல்

பத்தரை மணித் தேநீருக்குக் கிறிஸ்துநாயகம் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார். எதிர்ப்பக்கம் டோனல் ஹெகார்ட்டி பச்சை அட்டைக் கோப்பு ஒன்றை விரித்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்துத் தொலைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கண்ணைத் திருப்பலாம், காதை என்ன செய்வது? காகிதம் புரளும் சத்தம் கேட்டதும் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. புதிதாக எவனாவது அகப்பட்டானா என்று சுவரிடமே கேட்பார்.

கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையின் நிலவறையில் இருவருக்கும் வேலை. நோயாளிகளின் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்பி வந்ததை அடுக்குவதும். டோனல் அயர்லாந்துக்காரன், இந்த வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறான். ஒன்பது வயது மூத்தவன்தான், ஆனாலும் கிறிஸ்துநாயகத்தின் வாயில் 'அவன்'தான். இவர் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர், செவன் கிங்ஸில் வீடு, வயது ஐம்பத்தாறு. மீசைக்கு மட்டும் சாயம் பூசுவார், தலைக்குப் பூசமாட்டார். கேட்டால், "மீசைதானே முன்னுக்கு நிக்கிறது" என்பார்.

அந்தப் பச்சைக் கோப்பில் இருப்பவர்கள் எல்லோரும் டோனல் ஹெகார்ட்டிகள். சரித்திரத்தில் தன் பெயரோடு வாழ்ந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, ஆளுக்கொரு பக்கம் எழுதி வைத்திருந்தான். பத்து வருடத்தில் நாற்பத்துமூன்று பேர். குளிரில் மை உறைகிறது என்று ஏட்டின் ஓரத்தில் புலம்பி எழுதிய துறவி ஒருவன். ஆடு திருடித் தூக்கில் தொங்கியவன் ஒருவன். கப்பலில் சமையல்காரன், எல்லாச் சண்டையிலும் தோற்ற குத்துச்சண்டைக்காரன், சென்னைப் பட்டணத்தில் வாந்திபேதியில் செத்த சிப்பாய். கிறிஸ்துநாயகத்துக்கு அந்த ஆட்டுத் திருடன்மீதுகூடப் பொறாமை. தொங்கினாலும் பேரோடு தொங்கியிருக்கிறானே!

வேலை செய்யும் இடமும் அந்தப் பொறாமைக்கு எண்ணெய் வார்த்தது. கோப்புகளைக் கடைசிப் பெயர்ப்படி அடுக்குவதால் ஹெகார்ட்டிகள் எல்லோரும், தாத்தா முதல் பேத்தி வரை, ஒரே தட்டில் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். நம்மவர்களுக்கோ அப்பன் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். புருஷன் ஒரு தட்டு, பிள்ளைகள் இன்னொரு தட்டு, கிழவர் அடுத்த அறை. கிறிஸ்துநாயகத்தின் அப்பா அந்தோனிப்பிள்ளை. அந்தப் பெயர் கிறிஸ்துநாயகத்தோடு முடிந்தது. கிறிஸ்துநாயகம் என்ற பெயர் அவருடைய மகளோடு முடியும். இரண்டு தலைமுறை, அவ்வளவுதான் ஆயுள்.

சும்மா இருந்தாரா? தன் பெயர்க்காரர்களை எழுதிவைக்க அவரும் ஒரு கொப்பி வாங்கினார். தெரிந்த கோவில்களிலெல்லாம் விசாரித்தார். கடைசியில் ரெய்னர்ஸ் லேனில் இன்னொரு கிறிஸ்துநாயகம் இருப்பதாகத் தகவல் வந்தது. கேக் வாங்கிக்கொண்டு லண்டனைக் குறுக்கே கடந்து போனார். அந்த ஆள் எப்போதோ பெயரைச் சுருக்கிக் கிறிஸ் ஆகிவிட்டிருந்தான். வாசல் மணியிலும் அதையே ஒட்டியிருந்தான். பழைய பெயரைச் சொன்னபோது ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டவன்போல முகத்தைச் சுளித்தான். இவர் கேக்கைக் கொடுக்காமலே திரும்பி, ரயிலில் தானே பாதியைத் தின்று தீர்த்தார். மகள் தன் பிள்ளைக்குக் கெவின் என்று பெயர் வைத்ததும், அது அயர்லாந்துப் புனிதர் ஒருவரின் பெயர் என்று டோனல் குதூகலித்ததும் அதே மாதம்தான் நடந்தன. மூன்று நாள் மகளோடு பேசவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் போன மாதம் டோனல் நாற்பத்துநாலாவது பக்கத்தைக் காட்டினான். அது வெறுமையாக இருந்தது. மேலே பெயர் மட்டும். அவனுடைய பெரியப்பா; அவர் பெயரைத்தான் இவனுக்கு வைத்திருந்தார்கள். குருவானவராகி 1946இல் சிலோனுக்குக் கப்பலேறினார், இரண்டு கடிதம் வந்தது, அதோடு சரி. கோப்பைத் தொடங்கியதே இவரைத் தேடித்தானாம், மற்றவர்களெல்லாம் வழியில் கிடைத்தவர்களாம். கிறிஸ், நீ அந்தப் பக்கம்தானே, கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டான்; அவன் வாயில் கிறிஸ்துநாயகமும் கிறிஸ்தான்.

கேள்விப்பட்டிருக்கிறாராவது! அந்தக் கரையில் இருபத்தைந்து வருடம் பங்குத்தந்தையாக இருந்தவர் அவர்தான், ஊர் வாயில் எகார்ட்டி சுவாமி. கிறிஸ்துநாயகத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அந்தப் பெயரையும் தானே தேர்ந்து வைத்தவர். கிறிஸ்துநாயகம் தேநீரை ஒரு மிடறு குடித்தார். இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி மேரிறோஸிடம் மட்டும் சொன்னார். அவள் கறிக்குக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டாள்.

"ஏனப்பா தெரியாதெண்டு சொன்னனீங்கள்? அந்த மனுசன்ட சொந்தப் பெரியப்பா."

"அவனிட்ட நாப்பத்துமூண்டு பேர் இருக்கினம். எனக்கெண்டு இருக்கிறது ஒரு சுவாமி. அவரையும் அவன்ட கோப்புக்குள்ளை வைக்கச் சொல்லுறியோ?"

"சுவாமியை நீங்களோ பெத்தனீங்கள்?"

அன்றிரவு பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தார். சொன்னால், போய் அவனிடம் சொல் என்றுதான் குருவானவர் சொல்வார். அதனால் அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்தையே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை டோனல் பேனாவைத் திறந்தான். நாளையோடு போகிறேன், வெறும் பக்கத்தோடு ஊர் திரும்ப மனமில்லை என்றான். குடும்பத்தில் பேசிக்கொண்டதையே எழுதிவிடலாம் என்றான். அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு யாரோ ஒரு பெண்ணோடு போய்விட்டாராம், அதுதான் கடிதம் நின்றதாம்.

கிறிஸ்துநாயகம் சுவரிலிருந்து திரும்பினார். அவருடைய ஆங்கிலம் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது.

"ஆரடா சொன்னது? எங்கட சுவாமி ஒருத்தியோடையும் போகேல்லை."

டோனலுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனாலும் பேனாவை மூடினான். அதன்பிறகு ஆங்கிலம் வந்தது, கொட்டிக்கொண்டு வந்தது. சுவாமி எங்கேயும் போகவில்லை. புயலில் வள்ளங்கள் திரும்பாத இரவு கோவில் மணியை விடியும்வரை தானே இழுத்தவர். மீன்குழம்பில் உறைப்புப் போதாதென்று குறை சொன்னவர். தபால்காரரைக் கண்டால் ஊர்க் கடிதம் உண்டா என்று கேட்பார். கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார். 1971இல் இறந்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கிறிஸ்துநாயகமும் ஒருவர்.

டோனல் பேனாவைப் பைக்குள் போட்டான். பிறகு, மூத்த மகன் காணியைப் போட்டுவிட்டுப் போன கோபத்தில் பதில் எழுத வேண்டாமென்று தன் தாத்தா வீட்டில் கட்டளை போட்டிருந்ததைச் சொன்னான். ஏன் போன மாதம் இல்லை என்றாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிறிஸ்துநாயகத்துக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவர் கடித உறை ஒன்றோடு வந்தார். மேரிறோஸ் அலுமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்துத் தந்த படம், 1958ஆம் ஆண்டு எடுத்தது. கோவில் வாசலில் எகார்ட்டி சுவாமி, அவரைச் சுற்றிப் பூசைக்கு உதவும் ஆறு பையன்கள். சுவாமியின் கை நடுவில் நிற்கும் பையனின் தோளில் இருக்கிறது. அவன் சவிரிமுத்து, சுவாமியின் செல்லப்பிள்ளை. சிறுவயதில் கிறிஸ்துநாயகம் மனதாரச் சபித்த ஒரே ஆள் அவன்தான். கிறிஸ்துநாயகம் ஓரத்தில் நிற்கிறார். பாதி முகத்தைப் படத்தின் விளிம்பு வெட்டிவிட்டது.

டோனல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். பெரியப்பாவின் முகத்தை நினைவு தெரிந்து முதல்முறையாகப் பார்க்கிறான். அவரிடமிருந்து மெல்லக் கீழே இறங்கிய அவன் விரல், அந்தக் கை இருந்த தோளில் வந்து நின்றது.

இது நீதானே கிறிஸ் என்று கேட்டான்.

கிறிஸ்துநாயகம் படத்தின் ஓரத்தில் நின்ற அந்தப் பாதி முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், ஓம், நான்தான் என்று.