கோட்டைக்கு முன்னால் இருந்த குளம்

எங்கள் பெரியம்மா ஜெர்மனிக்குப் போனதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிள்ளானில் அவர் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. முன்கூடத்தில், சாமி படங்களுக்கும் ஒரு சாண் மேலே, ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. பெரியப்பா கோட்டும் டையுமாக விறைத்து நிற்பார். பக்கத்தில் பெரியம்மா பட்டுப் புடவையில். பின்னால் மலை. மலைமேல் கூர்க் கோபுரங்களோடு வெள்ளைக் கோட்டை, காலண்டர்களில் எல்லாரும் பார்த்திருக்கும் அதே கோட்டை. அதன் காலடியில் ஒரு குளம், குளத்தில் இரண்டு அன்னங்கள்.

ஜெர்மனிக்குப் போனவர் பெரியப்பா மட்டும்தான். போர்ட் கிள்ளானில் கிரேன் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. எழுபதுகளில் பயிற்சிக்கு என்று அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு போஸ்ட்கார்டும் வாங்கி வந்தார். அடுத்த தடவை உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னார். அடுத்த தடவை வரவே இல்லை. அதற்குப் பிறகு கிரேன்கள் எல்லாம் உள்ளூரிலேயே கெட்டு உள்ளூரிலேயே சரியாகிவிட்டன.

மனுஷன் பேச்சுத் தவறக்கூடாது என்று, போஸ்ட்கார்டை எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு சீனர் ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே குளம் வரைந்த ஒரு திரைச்சீலை இருந்தது. முதலாளி அதன்மேல் மலையையும் கோட்டையையும் ஏற்றிவிட்டார். குளத்தை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. படம் எடுத்த அன்று சின்னப் பிள்ளையாக நானும் கூடப் போயிருந்தேன். அன்னத்தைத் தொட்டேன், விரலில் சாயம் ஒட்டியது. எனக்கு விஷயம் தெரிந்தது இப்படித்தான்.

பெரியம்மா பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. "இது ஜெர்மனியில எடுத்ததா அக்கா?" என்று யாராவது கேட்பார்கள். "அவரு ஜெர்மனி போயிருந்தாருல்ல, அப்ப" என்று சொல்லிவிட்டு டீ கலக்க எழுந்து போய்விடுவார். டீ வருவதற்குள் கேட்டவர்களே அவரை விமானத்தில் ஏற்றி, கோட்டை வாசலில் இறக்கியும் விட்டிருப்பார்கள்.

விஷயம் முற்றியது பெரியம்மா மகனின் கல்யாணப் பேச்சில். அண்ணன் காதலித்தது பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்துப் பெண்ணை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பெண்ணின் அப்பா பெரிய அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அம்மாக்காரி பெரியம்மா வீட்டுக்குள் வரும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். படத்தைப் பார்த்ததும் மூக்கு கொஞ்சம் இறங்கியது.

"ஓ, நீங்களும் ஐரோப்பா போயிருக்கிறியளோ?"

பெரியம்மா டீ கலக்கப் போய்விட்டார். கல்யாணம் நடந்தது. அந்தப் படத்தால்தான் நடந்தது என்று பெரியம்மா கடைசிவரை நம்பினார்.

தொண்ணூறுகளில், இரண்டு சம்பந்திகளும் கணவரை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணனும் அண்ணியும் சேர்ந்து அவர்களை ஐரோப்பா டூருக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே என்று நானும் லீவு போட்டுக் கிளம்பினேன். பயணத் திட்டத்தில் அந்தக் கோட்டையும் இருந்தது. பெரியம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"காய்ச்சல்னு சொல்லிடவா?"

"ரெண்டு வாரத்துக்குமா பெரியம்மா?"

"சிரிக்காத. அந்தம்மா முன்னால நான் பொய்க்காரின்னு ஆயிட்டா, அப்புறம் என் மருமக மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அவர் உண்மையிலேயே பயந்திருந்தார்.

கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மேலே போகிற பாதை முழுக்கக் குதிரைச் சாணி. குளிரில் எங்கள் கூட்டம் மொத்தமும் குரங்குக் குல்லாய்க்குள் ஒளிந்துகொண்டு ஏறியது. உள்ளே சில அறைகள் கண்ணைப் பறித்தன, மிச்சத்தைக் கட்டி முடிக்கவே இல்லை. ராஜா அதற்குள் செத்துப்போனாராம். கான்ட்ராக்டர் பாதியில் விட்டு ஓடிப்போன தாமான் குடியிருப்பு வீடுகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை.

பெரியம்மா முன்பே வந்தவர் என்ற செய்தி பஸ்ஸிலேயே பரவியிருந்தது. சம்பந்தியம்மாதான் பரப்பினார். அதனால் எல்லோரும் அவரிடமே வழி கேட்டார்கள். "ஆன்டி, டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று ஒரு பெண் கேட்க, பெரியம்மா அசராமல் கை காட்டினார். அந்தப் பெண் நேராகக் குதிரை வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெளியே வந்து, கோட்டை முழுசாகத் தெரிகிற இடத்தில் படம் எடுக்க நின்றோம். சம்பந்தியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். நான் பயந்த கேள்வி வந்துவிட்டது.

"எங்க சம்பந்தி அந்தக் குளம்? உங்கட படத்தில ரெண்டு அன்னமும் நிண்டதெல்லோ?"

கீழே பஸ் நின்ற இடத்தில் ஓர் ஏரி இருந்தது உண்மைதான். ஆனால் படத்தில் குளம் கோட்டைச் சுவரை ஒட்டி இருந்தது. இங்கே சுவருக்குக் கீழே வெறும் பாறை. கூட்டம் முழுவதும் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தது. டீ கலக்க அங்கே அடுப்படி இல்லை.

பெரியம்மா பாறையை ஒரு முறை பார்த்தார். பிறகு சலித்துக்கொண்டார்.

"தூத்துட்டாங்க லா. அப்ப இது வரைக்கும் தண்ணி. மிச்சம்தான் கீழ கெடக்கு."

எனக்குக் காது சூடானது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் பூச்சோங்கிலிருந்து வந்திருந்த ஓர் அங்கிள் உடனே தலையாட்டினார். "எங்க பக்கமும் இதே கதைதான் ஆன்டி. ஈயம் தோண்டின குட்டை எத்தனை இருந்துச்சு. எல்லாத்தையும் மூடி தாமான் கட்டிட்டான். டெவலப்பர்னா எந்த ஊரா இருந்தாலும் டெவலப்பர்தான்." கூட்டம் ஆமோதித்தது. மலை உச்சியில் குளத்தைத் தூர்த்தார்கள் என்பதை வேறு எந்த நாட்டுக்காரனும் நம்பியிருக்க மாட்டான். கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. "வாத்துங்க எங்க போச்சு?" என்று மட்டும் ஒருவர் கேட்டார். "தண்ணி இல்லாட்டி வாத்து எங்க நிக்கும்?" என்றார் பெரியம்மா, இப்போது நன்றாகச் சூடு பிடித்து.

சம்பந்தியம்மா நம்பவில்லை. "பொறுங்கோ, கேட்டுப் பார்ப்பம்" என்று, வாசலில் நின்ற கோட்டை வழிகாட்டிப் பெண்ணிடம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இங்கே முன்பு குளம் ஏதாவது இருந்ததா என்று தன் சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை மேடம், இது பாறை, இங்கே எப்போதும் குளம் இருந்ததில்லை என்றது அந்தப் பெண். நானும் தெளிவாகக் கேட்டேன். கோட்டை இடிந்து தலையில் விழாதா என்று இருந்தது.

திரும்பி வந்தோம். பெரியம்மா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றார் சம்பந்தியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "தூர்த்துப்போட்டினமாம்."

பஸ் மலையிறங்கியதும் பெரியம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. குளம் இருந்ததே இல்லை என்றுதானே அந்தப் பெண் சொன்னது என்று சம்பந்தியம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சொன்னவள்தான். கலியாணம் பேச உங்கட வீட்ட வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும், பிள்ளை. அந்தப் படத்தில குளம் ஒரு மூலையில மடிஞ்சு கிடக்கு. தண்ணி எங்கயாவது மடியுமோ?"

"பிறகு ஏன் எல்லார் முன்னாலயும் கேட்டீங்க?"

"என்ன சொல்லுவா எண்டு பார்க்க ஆசையா இருந்தது."

பெரியம்மாவின் தலை சம்பந்தியம்மாவின் தோளில் சாய்ந்தது. அவர் தள்ளிவிடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ர மனிசன் உத்தியோக விஷயமா எத்தனையோ தரம் லண்டன் போய் வந்தவர்," என்றார். "என்னை ஒருநாள் ஒரு ஸ்டூடியோவுக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போகேல்லை."