ஒட்டடை இறக்கிய ஒற்றை வயர்

என் பெரியண்ணிக்குக் கூடப்பிறந்தவர்கள் ஆறு பேர். கடைசித் தம்பியை வீட்டில் ஒட்டடை என்றுதான் கூப்பிடுவோம். டிவி வயர் இழுக்கிற வேலை. எந்நேரமும் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்து, தலையெல்லாம் தூசியோடு வருவான். படிப்பு என்னைப் போல அரைகுறைதான். ஆனால் வயர் போகிற வழியைக் கையால் தடவிக்கொண்டே போய், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான்.

அண்ணன் இடுப்பொடிந்து படுத்திருந்த சமயம். அவர் மகள் உள்ளூர் டிவி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அன்று மாலை ஆறு மணிக்கு முதல் தடவையாகச் செய்தி வாசிக்கிறாள். அந்த நிலையம் டிஷ்ஷில் வராது. மாடியில் ஆண்டெனா வைத்தால்தான் வரும். சுவருக்குள் போன குழாயிலோ டிஷ் வயருக்கு மட்டுந்தான் இடம். புது ஓட்டை போடக் கூடாதென்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டையும் ஒரே வயர்ல இறக்கிடலாம், அத்தான்" என்றான் ஒட்டடை.

மேலே ஒரு சின்ன டப்பா, இரண்டையும் சேர்க்க. டிவிக்குப் பின்னால் இன்னொன்று, பிரிக்க. டிஷ்ஷில் வருவது அலைவரிசையின் மேல்தட்டிலும் ஆண்டெனாவில் வருவது கீழ்த்தட்டிலும் ஓடுமாம், ஒன்றையொன்று இடிக்காதாம். சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் ஒரே குழாயில் விட்டு, கீழே தனித்தனியாகப் பிடிக்கிற கதையாக இருந்தது எனக்கு.

ஐந்து மணிக்கு மாட்டி முடித்தான். டிஷ் படம் பளிச்சென்று வந்தது. ஆண்டெனா பக்கம் இருட்டு. டப்பாக்களை மாற்றிப் பார்த்தும் அதே இருட்டு.

"ஊருக்கெல்லாம் படம் காட்டுறே, அக்கா வீட்டுக்குன்னா ஒரு புள்ளிகூட வராதா?" என்றாள் அண்ணி. அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவசரத்தில் அன்று சுவரைத் தடவவேயில்லை. வயர் இறங்குகிற இடத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். பீரோவுக்குப் பின்னால் சத்தம் மாறியது. நகர்த்தினால், பெயிண்டில் மறைந்துபோன ஒரு மூடி. உள்ளே கட்டைவிரல் கனத்தில், சிக்னலைக் கூட்டுகிற ஒரு பூஸ்டர். முன்பு டிஷ் மாட்டிய எவரோ செருகியது.

"டிஷ்ல வர்றத மட்டும்தான் இது விடும். ஆண்டெனாவ வழிமறிச்சிடும்" என்று சொல்லி, அதைக் கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்தான்.

ஆறு மணி அடிக்கவும் படம் வரவும் சரியாக இருந்தது. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத அந்த வயருக்குள், வானத்தில் எங்கோ நிற்கிற சாட்டிலைட்டின் படமும் வந்துகொண்டிருந்தது, எங்கள் பெண்ணும் வந்துகொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொன்னாள்.

"வணக்கம்மா" என்றார் அண்ணன், படுத்தபடியே.