சுற்றாத சக்கரம்

தென்காசியில் நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. சோதனைக்கு முன்பே விடை தயாராக இருக்கும். சீனியர் அக்காக்களின் ரெக்கார்டு நோட்டு கைமாறி வரும். அதிலுள்ள எண்களில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவோம். இதில் நான் பெரிய கெட்டிக்காரி.

எனக்கு ஜோடியாக வாய்த்தவள் மேலகரத்துக்காரி, போலீஸ்காரர் மகள். அவளுக்கு இந்த வித்தை மட்டும் வரவே வராது.

அன்றைய சோதனை, கோண முடுக்கத்தை எவையெல்லாம் மாற்றுகின்றன என்பது. சுவரில் பதித்த கனத்த இரும்புச் சக்கரம். அதன் அச்சில் நூலைச் சுற்றி நுனியில் எடையைத் தொங்கவிட்டால், எடை இறங்க இறங்கச் சக்கரம் வேகமெடுக்கும். எடையைக் கூட்டினால் அந்த வேகம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கிட வேண்டும். முதலில் ஐம்பது கிராம். தொங்கவிட்டாள். சக்கரம் அசையவே இல்லை. சாரல் காலத்து ஈரத்தில் பேரிங் இறுகிக் கிடந்தது.

“ஏட்டி, சீனியர் நோட்டுல ரீடிங் இருக்குல்லா. பாத்து எழுது,” என்றேன்.

“சுத்தவே இல்ல. பொறவு என்னன்னு எழுத?” என்றவள் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். மற்ற எடைகளை மூன்று மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். அவள் கிராஃபில் கோடு ஆதிப்புள்ளியைத் தொடாமல் தள்ளியே கிளம்பியது. உராய்வை மீறிய பிறகுதானே சக்கரம் சுற்றும்! காப்பியடித்த எங்கள் கோடுகளோ சமர்த்தாக ஆதிப்புள்ளியில் தொடங்கின.

ரெக்கார்டில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள் வந்தது. அது இல்லாமல் பிராக்டிகல் தேர்வில் உட்கார முடியாது. லேப் சார் எங்கள் இருவர் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒரே சக்கரம், ஒரே எடை. அவளுக்குச் சுத்திருக்கு, ஒனக்கு மட்டும் சுத்தலையோ? கையெழுத்து கிடையாது, போ,” என்றார் அவளிடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “நீங்களே ஒருதடவ போட்டுப் பாருங்க சார்,” என்று மட்டும் சொன்னாள்.

சார் எழுந்து போய் எடையைத் தொங்கவிட்டார். நூலைப் பிரித்துச் சுற்றி மறுபடியும் தொங்கவிட்டார். சக்கரம் கம்மென்று நின்றது. அவள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னுடையதை என்னிடமே நீட்டினார். “சாயங்காலத்துக்குள்ள எல்லா ரீடிங்கையும் நீயே எடுத்துட்டு வா.”

முன்னாடியே கையெழுத்து வாங்கித் தப்பித்த மற்றவர்கள் குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். அருவியில் நல்ல தண்ணீர். அவளும் துண்டு கொண்டுவந்திருந்தாள். அதைப் பைக்குள் திணித்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுத்தாள்.

“நீ எடையப் போடு. நான் டைம் பாக்கேன்.”

அன்று அவள்மேல் வந்த மரியாதை இன்றுவரை இம்மியும் குறையவில்லை.

ஐம்பது கிராமைத் தொங்கவிட்டேன். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். இரண்டு வருடத்தில் நானே எடுத்த முதல் ரீடிங் அதுதான்.