ஞானமுத்து கொண்டுவந்த ஆப்பிள் தோப்பு

நாற்பத்தாறாம் வருஷம் ஆவணியில், பட்டாளத்துச் சமையல்காரன் ஞானமுத்து இத்தாலியிலிருந்து வரதராஜன்பேட்டைக்குத் திரும்பினான். மனைவி மரிய புஷ்பம் சித்திரையிலேயே வாந்திபேதியில் போய்விட்டிருந்தாள். மாமியார் அற்புதம்மாள் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். "அப்படிங்களா," என்றான் அவன். கால் கழுவத் தண்ணீர் கேட்டான். மாமியார் அழுகையில் உப்புப் போட மறந்த குழம்பை ஊற்றிக்கொண்டு, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

இது ஊருக்கு மிகுந்த மனக்கஷ்டத்தைக் கொடுத்தது. கட்டிக்கொண்டு அழக் குரலைச் சரிசெய்துகொண்டு வந்த பெண்கள், வெற்றிலை மட்டும் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட அநியாயத்தை யாரிடம் போய் முறையிடுவது?

துக்கம் அவனுக்கு இல்லாமல் இல்லை. எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. மரத்துப்போன காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுபோல, அவ்வப்போது நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

பெட்டியில் ஒரு சீசா இருந்தது. பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது, "நல்ல வாசனையா ஒண்ணு வாங்கியாங்க," என்று மட்டும்தான் புஷ்பம் கேட்டிருந்தாள். இத்தாலியில் தோப்புக்காரி ஒருத்தி தன் மரத்துப் பழத்தையும் பட்டையையும் சாராயத்தில் ஊறவைத்து வடித்துக் கொடுத்தது அது. மூடியைத் திறந்தால் ஈர இலைமேல் ஆப்பிள் விழுந்து கிடக்கிற தோப்பு. கல்லறைத் திருநாளன்று அவள் தலைமாட்டில் ஊற்றிவிட வேண்டும். ஊற்றினால் ஒருவேளை அழுகை வரும். அவன் திட்டம் முழுவதும் அவ்வளவுதான்.

மாமியார் முகர்ந்து பார்த்தார். "என்ன வாசம் மாப்ள இது?"

"ஆப்பிளுங்க அத்தை. அங்க ஐப்பசில எலையெல்லாம் உதிந்துடும். பழம் அது மேல கெடக்கும்."

"ஐப்பசில எலை உதிந்தா மரத்துக்கு நோவு. வேப்பம்புண்ணாக்கு வைக்கச் சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லிக்கொண்டே ஒரு சொட்டை முழங்காலில் தேய்த்தார். வலி விட்டுவிட்டது. போப்பாண்டவர் நாட்டுத் தைலத்துக்கு விடாமல் இருக்குமா? மறுநாளிலிருந்து தேள்கடி, தலைவலி, பால் சுரக்காத மாடு என்று வாசலில் கூட்டம்.

"அது வாசனைங்க, மருந்தில்ல," என்று ஞானமுத்து சொல்லிப் பார்த்தான்.

"சோறு பொங்கினவனுக்குத் தைலத்தப் பத்தி என்னடா தெரியும்?" என்றார்கள். நீட்டிய கையில் அவன் கை தானாகச் சீசாவைச் சாய்த்தது.

கல்லறைத் திருநாள் காலையில் உபதேசியார் சவரிமுத்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்ததால் அன்று கல்லறைச் செபமெல்லாம் அவர் பொறுப்பு. சீசாவில் அடிமட்டம்தான் மிச்சம்.

"இது புஷ்பத்துக்குங்க," என்றான் ஞானமுத்து.

"செத்தவளுக்குப் பல்லு வலிக்குமா? எனக்கு வலிக்குது. நான் வாயத் தொறக்கலன்னா ஒம் பொண்டாட்டிக்கும் சேத்துத்தான் செபம் கெடையாது."

சண்டை போட்டிருக்கலாம். அதற்கு வேண்டிய கோபம் வந்து சேரவில்லை. கடைசிச் சொட்டுவரை பஞ்சில் நனைத்துக் கொடுத்தான். உபதேசியார் அதைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் தூறலில் மெழுகுவத்தி நிற்கவில்லை. ஞானமுத்து காலிச் சீசாவின் வாயில் ஒன்றைச் செருகி, கல்லறையின் தலைமாட்டில் வைத்தான். இன்றைக்காவது அழுகிறானா பார்ப்போம் என்று ஊர் கடமை தவறாமல் சுற்றி நின்றது. உபதேசியார் கால்மாட்டில் நின்று செபத்தை ஆரம்பித்தார். வாயைத் திறந்ததும் தோப்பு வந்தது. ஈர இலை, பட்டை, அடிபட்ட பழம்.

"உபதேசியாரே, தலைமாட்டுக்கு வந்து சொல்லுங்க," என்றான் ஞானமுத்து.

"எங்கேந்து சொன்னா என்னடா? செபம் செபந்தான்."

"வாங்க. கொஞ்சம் குனிஞ்சுக்குங்க. இன்னும் கொஞ்சம்."

"இடுப்பு புடிக்குதுடா."

"மொதல்லேந்து சொல்லுங்க."

அவன் அவர் தோளைப் பிடித்து அழுத்தியிருந்ததால் உபதேசியார் வளைந்தபடியே முதலிலிருந்து சொன்னார். அவர் மூச்செல்லாம் மண்ணில் இறங்கியது. பக்தி முற்றிவிட்டது என்று கூட்டத்தில் ஒரு கருத்து நிலவியது.

அழுகை வரவில்லை. ஊர் ஏமாந்து கலைந்தது.

வீட்டில் அற்புதம்மாள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். ஒரு வாய் வைத்தவன் கையை நிறுத்தினான்.

"அத்தை, உப்பு இல்ல."

அவர் உப்புச் சட்டியை எடுத்துவந்து, அவன் பக்கத்தில் வைத்தார்.