எஞ்சினில் விழுந்த தீர்த்தம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டு இளம் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். நான் ஒரு காலத்தில் ஒன்று வைத்திருந்ததை யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எவ்வளவு வேகம் போகும், மேட்டில் இழுக்குமா என்றெல்லாம் துருவுவார்கள். அது ஓடாத நாளில் என்ன நடக்கும் என்று ஒருவனும் கேட்டதில்லை. அவர்கள் வயதில் நானும் கேட்கவில்லைத்தான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு வெள்ளைக்காரர் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். எங்கள் கந்தோரை நடத்திய வெள்ளைக்காரத் துரை, கப்பலேறுமுன் தன்னுடைய பச்சை நிற இரண்டு சீட் காரை என் தலையில் கட்டினார். கட்டினார் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அவர் பின்னால் நாயாக அலைந்தது நான். சாவியோடு ஒரு கொப்பியும் தந்தார். காருக்கு வரும் வருத்தங்கள் முழுவதையும் அதில் தன் கையால் எழுதி வைத்திருந்தார். எந்தச் சத்தம் கேட்டால் எந்த நட்டை முறுக்க வேண்டும், மழையில் கூரை எந்தப் பக்கம் ஒழுகும், எல்லாம். புத்தியுள்ளவன் அந்தக் கொப்பியின் தடிப்பைப் பார்த்தே திரும்பியிருப்பான். எனக்கோ வாயூறியது. எதைக் கண்டாலும் திறந்து உள்ளே பார்க்காவிட்டால் எனக்கு அன்று தூக்கம் வராது.

அந்தக் கிழமையே அக்காவுக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்கு அரிவரி படிப்பித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஹெவ்லொக் டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளுக்குக் கணக்கு ரீச்சர் தேவைப்பட்டது. அப்படி ஓர் இடம் வரட்டும் என்று மூன்று வருஷம் காத்திருந்தவள். காலை ஒன்பது மணி, பிந்தி வருவோரை உள்ளே எடுப்பதில்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அவள் பஸ்ஸில் போகத்தான் இருந்தாள். நான்தான் விடவில்லை.

"வீட்டில காரை வச்சுக்கொண்டு பஸ்ஸில போறதோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"உன்ட கார் போய்ச் சேருமோ?" என்று சிரித்தாள். என் முகத்துக்காகச் சம்மதித்தாள்.

எங்கள் கத்தோலிக்கருக்குள் ஒரு வழக்கம். வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்காமல் தூரப் பயணம் போவதில்லை. அதனால் காலைப் பூசை முடிகிற நேரத்துக்குக் காரைக் கோயில் வாசலில் நிறுத்தினேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையுடன், முகம் துடைக்க மடித்த லேஞ்சியைக் கையில் பிடித்தபடி அக்கா பக்கத்து சீட்டில் இருந்தாள். சுவாமி தீர்த்தச் செம்போடு வந்தார். சில்லுகளுக்குத் தெளித்தார், ஸ்டியரிங்குக்குத் தெளித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். நான் எஞ்சினுக்கு மேலுள்ள பொனற்றைத் திறந்தேன்.

"சுவாமி, வருத்தம் எல்லாம் உள்ளுக்குள்ளதான். கொஞ்சம் தாராளமாத் தெளியுங்கோ."

சுவாமி நல்ல மனிதர். தாராளமாகவே தெளித்தார்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. எஞ்சின் சுற்றியது, இருமியது, அடங்கியது. மணி எட்டேகால். பெற்றோலைப் பார்த்தேன், இருந்தது. பற்றரி வயர்களை இறுக்கினேன். கொப்பியைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே துரை எழுதியிருந்தார்: ஈரமான காலைகளில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடியைத் துடைக்கவும். மூடியைப் பார்த்தேன். அதன்மேல் துளிகள் மினுங்கின.

அது மழைக்கு எழுதியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது தீர்த்தம். தீர்த்தத்தால் ஒரு கார் நின்றுபோகும் என்று நினைக்கவே பாவமாக இருந்தது. அதை எண்ணெய்த் துணியால் துடைப்பதோ அதைவிடப் பாவம். சுவாமி வேறு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே மற்றதெல்லாவற்றையும் கழற்றினேன்.

"தம்பி, நான் பஸ்ஸில போறன்."

"அஞ்சு நிமிஷம், அக்கா."

அந்த அஞ்சு நிமிஷத்தை எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. ஒரு பிளக்கைக் கழற்றினால் அடுத்தது எப்படி இருக்குமென்று பார்க்க ஆசை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்து சீட் வெறுமையாக இருந்தது.

பத்து மணிக்கு வெயில் நேரே எஞ்சினில் விழுந்தது. மூடி காய்ந்தது. பட்டனை அழுத்தியவுடன் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் கூவிவிட்டேன். ஹெவ்லொக் டவுன் வரைக்கும் ஒரு இடத்திலும் அது நிற்கவில்லை.

அக்கா பள்ளிக்கூடத்துக்கு வெளியே பஸ் தரிப்பில் நின்றாள். சேலையின் கரை முழுவதும் தூசி. நான் ஹோர்ன் அடித்தேன். அவள் பரீட்சையைப் பற்றிக் கேட்க வேண்டிய வாயால், "அக்கா, பிழையைக் கண்டுபிடிச்சிட்டன்!" என்றேன்.

"என்ன பிழை?"

"தண்ணி. ஒரு துணியால துடைச்சிருந்தாச் சரி."

கையிலிருந்த லேஞ்சியைப் பார்த்தாள். அது காலையில் மடித்தபடியே இருந்தது.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே, தம்பி."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.

கடைசிவரை அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் அரிவரிதான் படிப்பித்தாள். என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தக் காரை நான் எத்தனையோ தரம் துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அதன் ஒவ்வொரு ஆணியும் எங்கே போகிறது என்று இன்றும் சொல்வேன். ஆனால் அன்று காலை அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள், வாசலில் என்ன சொன்னார்கள், அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்று, அவள் உயிரோடு இருந்தவரை நான் அவளிடம் கேட்கவே இல்லை.